மருத்துவ நூலகமும் அறிவின் உடைமையும்: உசாத்துணைச் சேவை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

இலக்கிய ஆய்வை முதன்மைப் பணியாகக் கொண்ட நாம் மருத்துவ நூலகத்தின் உசாத்துணைச் சேவை பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நூலொன்றை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எவ்வர்க்கத்தின் நலன் அதிற் பிரதிபலிக்கின்றது என்னும் வினாக்களை முற்போக்குத் திறனாய்வு இடையறாது எழுப்பி வந்துள்ளது. ஆயின், அந்நூல் எவ்வழியாக வாசகரின் கையை வந்தடைகின்றது, எவரது கையை வந்தடையாது நின்றுவிடுகின்றது என்னும் வினா அதேயளவு அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை. எழுத்தின் உற்பத்தி பற்றி நிறையப் பேசிய நாம் அதன் விநியோகம் பற்றிக் குறைவாகவே பேசியுள்ளோம். இக்குறைபாட்டை உணர்வதற்கு மருத்துவத்துறை எழுத்துக்களைவிடத் தக்க களம் வேறில்லை எனலாம். பழைய பிரதியொன்று கிடைக்காது போயின் எமது இலக்கிய வரலாறு ஓரிடத்தில் ஊனமுறும். மருத்துவக் கட்டுரையொன்று உரிய வேளையிற் கிடைக்காது போயின் மனித உயிர் பிரியக்கூடும்.

நூலகம் நடுநிலையானதொரு நிறுவனம் என்பதும், கணினியும் இணையமும் வந்தபின் மருத்துவ அறிவு எல்லார்க்கும் பொதுவாகிவிட்டது என்பதும் படித்தோர் மத்தியிற் பரவலாக நிலவும் நம்பிக்கைகள். அவற்றை வரலாற்றடிப்படையிற் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அறிவை அடைதல் என்று நாம் பொதுப்படக் கூறுவது உண்மையில் மூன்று செயல்களின் தொகுப்பாகும். முதலாவது, இன்ன விடயம் பற்றி இன்ன இடத்தில் எழுதப்பட்டுள்ளது எனக் கண்டறிதல். இரண்டாவது, அவ்வெழுத்தைப் பெறுதல். மூன்றாவது, பெற்றதைத் தம் மொழியிலும் தம் சூழலிலும் பயன்கொள்ளல். தரவுத்தளம் இவற்றுள் முதலாவதை மட்டுமே, அதுவும் ஓரளவுக்கே, இலகுவாக்கியுள்ளது. ஏனைய இரண்டையும் தீர்மானிப்பன உடைமை உறவுகளும் மனித உழைப்புமேயாம். இம்மூன்று செயல்களும் ஒருங்கு சந்திக்கும் இடம் நூலகத்தின் உசாத்துணை மேசை. அம்மேசை வெறுமையாக்கப்படும்போது நிகழ்வன யாவை என்பதே ஈண்டு எமது வினா.

1. சுட்டியின் தோற்றமும் அதன் சொற்களும்

இன்று உலகின் மருத்துவ நூலகங்களிற் பெரிதும் பயன்படும் தரவுத்தளத்தின் ஊற்று ஐக்கிய அமெரிக்காவின் இராணுவ மருத்துவத்துறையில் உள்ளது. தரைப்படையின் தலைமை மருத்துவ அதிகாரியின் அலுவலகத்தில் இருந்த சிறு நூற்றொகுதியே பின்னர் தேசிய மருத்துவ நூலகமாக வளர்ச்சியுற்றது. அந்நூலகம் தன் தோற்றத்தை 1836இலிருந்து கணிக்கின்றது. உள்நாட்டுப் போர் முடிவுற்ற 1865ஆம் ஆண்டு தொடக்கம் மூன்று தசாப்தங்கள் அதனைப் பொறுப்பேற்று நடத்திய ஜோன் ஷோ பில்லிங்ஸ், அப்போரிற் பணியாற்றிய அறுவை மருத்துவர். அவர் ரொபேட் ஃபிளெச்சருடன் இணைந்து 1879இல் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் மாதாந்தச் சுட்டியைத் தொடங்கினார். உலகெங்கும் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாக அட்டவணைப்படுத்துவது அதன் பணி. அடுத்த ஆண்டில் நூலகத்தின் மாபெரும் நிரலின் முதற்றொகுதி வெளிவந்தது.

இச்சுட்டியின் பொருளாதார வரலாறு சிந்திக்கத்தக்கது. தனியார் வெளியீடாகத் தொடங்கிய அது சந்தாப்பணத்தைக்கொண்டு தன்னைத் தாங்கிக்கொள்ள இயலாது 1899இல் நின்றுபோயிற்று. உருக்குத் தொழிலிற் பெருஞ்செல்வம் திரட்டிய கார்ணகியின் நிதியில் இயங்கிய நிறுவனமொன்றே 1903இல் அதனை மீண்டும் வெளியிட்டது. இராணுவத்தின் வசமிருந்த நூலகம் 1956இற் சட்டமொன்றின் மூலம் பொதுச் சுகாதாரத்துறைக்கு மாற்றப்பட்டது. 1964இல் 'மெட்லார்ஸ்' என்னும் கணினி முறைமை செயற்படத் தொடங்கிற்று. 1971இல் தொலைபேசி வழியே நேரடியாகத் தேடும் 'மெட்லைன்' வந்தது. 1997 ஜூனில் 'பப்மெட்' என்ற பெயரில் அது கட்டணமின்றி உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. அச்சிட்ட சுட்டி 2004இன் இறுதியுடன் நின்றது. பப்மெட்டில் இன்று 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. இவ்வளர்ச்சியைச் சாத்தியமாக்கியது அரசின் பொதுப்பணமேயன்றிச் சந்தையன்று என்பது மனங்கொளத்தக்கது. பொதுப்பணத்தால் எழுந்த இக்கோபுரத்தின் வாயிலில் வாடகை அறவிடுவோர் யார் என்பதைப் பின்னர் காண்போம்.

சுட்டி என்பது வெறும் பட்டியலன்று. அதுவும் ஒரு பிரதியே. எமது துறையில் இதனை நாம் அறிவோம். 1865இல் ஜோன் மேர்டொக் தமிழ் அச்சு நூல்களுக்கு வகுத்த பட்டியலைப் புரட்டும் எவரும், எந்நூல் எப்பகுப்பின்கீழ் இடம்பெறுகின்றது என்பதில் ஒரு மிஷனரியின் உலகநோக்கு செறிந்திருப்பதைக் காணத் தவறார். மருத்துவச் சுட்டியின் நிலையும் அதுவே. 1960இல் உருவாக்கப்பட்ட மருத்துவப் பொருட்டலைப்புத் தொகுதி, ஒவ்வொரு கட்டுரையையும் வரையறுக்கப்பட்ட சொற்களின் கீழ் அடக்குகின்றது. அச்சொற்கள் மரத்தின் கிளைகள்போல் மேலிருந்து கீழாக ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. இம்முறையின் பயன் பெரிது. ஒரே நோயைப் பத்துப் பெயரால் வழங்கினும் தேடுவோருக்கு அவை ஒரே இடத்திற் கிடைக்கின்றன. ஆனால், அச்சொற்களைத் தெரிவுசெய்வோரின் கருத்துநிலை அவற்றிற் படிவதைத் தவிர்க்க முடியாது. மனித குலத்தை நீக்ரோயிட், மொங்கோலொயிட், காக்கசொயிட் என இனத்தொகுதிகளாகப் பிரித்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சொற்கள் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை அத்தொகுதியில் உத்தியோகபூர்வத் தலைப்புகளாக நிலைத்திருந்தன. மானிடவியல் கைவிட்ட கருத்தொன்றை மருத்துவ நூலகத்தின் கணினி நெடுங்காலம் பேணிவந்துள்ளது.

இன்னொரு சிறு அமிசமும் இலக்கிய மாணவரின் கவனத்துக்குரியது. பப்மெட்டில் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எழுந்த கட்டுரைகளின் தலைப்புகள் ஆங்கில மொழிபெயர்ப்பாகச் சதுர அடைப்புக்குறிக்குள் இடப்படுகின்றன. நூலகவியல் நோக்கில் இது வசதியான ஒரு மரபே. ஆயினும் ஆங்கிலம் அடைப்புக்குறியின்றி நிற்க, ஸ்பானியமும் ரஷ்யமும் சீனமும் அடைப்புக்குள் நிற்கும் அப்பக்கம், உலக அறிவின் ஏற்றத்தாழ்வை ஒரே பார்வையில் உணர்த்திவிடுகின்றது.

2. மறைக்கப்பட்ட உழைப்பு

அறிவுத் தேட்டத்தின் முதலாவது செயல் கண்டறிதல் என்றோம். 1970களில் அச்செயல் இருவரின் கூட்டுழைப்பாக இருந்தது. மெட்லைனைத் தேடும் கட்டளை மொழி கடினமானது. தொடர்பு நேரத்துக்குக் கட்டணமும் உண்டு. எனவே வைத்தியர் தம் வினாவை நூலகரிடம் கூறுவார்; பயிற்சிபெற்ற நூலகர் அதனைத் தேடற் சொற்களாக மாற்றுவார். இம்மாற்றம் இயந்திரத்தனமானதன்று. நூலகரிடம் வருபவர் முதலிற் கேட்பது ஒன்றாகவும் அவருக்கு உண்மையில் வேண்டியது வேறொன்றாகவும் இருப்பது வழமை. குழந்தைகளுக்கான மருந்தளவு பற்றிய பொதுநூல் வேண்டும் என்று வருபவரிடம் ஐந்தாறு வினாக்களைத் தொடுத்தபின், சிறுநீரகம் பழுதுற்ற ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு ஒரு குறிப்பிட்ட மருந்தைக் கொடுக்கலாமா என்பதே அவரது பிரச்சினை என்பது புலனாகும். வினாவைச் செம்மைப்படுத்தும் இவ்வுரையாடலே உசாத்துணைப் பணியின் உயிர்நாடி.

மெட்லைன் தொடங்கிய அதே 1971ஆம் ஆண்டில், மிசூரி மாநிலத்தின் கன்சஸ் நகரில் கேட்ரூட் லாம் என்னும் நூலகர் மருத்துவ விடுதிச் சுற்றில் வைத்தியர்களுடன் நூலகரையும் உடன் அனுப்பும் திட்டத்தைத் தொடக்கினார். நோயாளியின் படுக்கையருகே எழும் வினாவை அங்கேயே கேட்டறிந்து விடை தேடிக்கொணர்வது அதன் நோக்கம். ஒரே ஆண்டில் இயந்திரத்தின் பாதையும் மனிதரின் பாதையும் திறந்தன. பின்வந்த காலத்தில் நிதி ஒதுக்குவோர் எப்பாதையைத் தெரிவுசெய்தனர் என்பது தெளிவு. 1986இல் வைத்தியர் தாமே தேடும் மென்பொருள் வெளிவந்தது. பின்னர் குறுந்தட்டுகள் வந்தன. 1997இல் இலவச இணையத் தேடல் வந்தது. இனி இடையில் ஒருவர் எதற்கு என்னும் வினா நிர்வாகிகளின் மனதில் இயல்பாகவே எழுந்தது. பல நாடுகளில் மருத்துவமனை நூலகங்கள் சுருங்கின, சில மூடப்பட்டன.

பண்டத்தின் மினுக்கத்துள் அதை ஆக்கிய உழைப்பு மறைந்துபோவது முதலாளித்துவ உற்பத்தியின் பொதுப்பண்பு. தேடற்பெட்டியில் ஒரு சொல்லை இட்டவுடன் வரும் விடை, அப்பெட்டியின் மாயத்தால் வருவதாகத் தோன்றுகின்றது. ஒவ்வொரு கட்டுரையையும் வாசித்து அதற்குரிய தலைப்புகளை இட்ட சுட்டியாளரின் நூறாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு அங்கே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 2022 முதல் அப்பணியும் பெரும்பாலும் கணினி நிரலிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அந்நிரல் கற்றுக்கொண்டதோ முன்னைய சுட்டியாளரின் உழைப்பிலிருந்தே.

இம்மறைப்பின் விளைவை 2001ஆம் ஆண்டு நிகழ்வொன்று உணர்த்திற்று. ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றி நடைபெற்ற ஆய்வொன்றில் அங்கேயே பணியாற்றிய, நோயெதுவுமற்ற 24 வயதுப் பெண் ஒருவர் தொண்டராகப் பங்குகொண்டார். மே மாதத்தில் ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் மருந்தை உள்ளிழுத்த அவர், நுரையீரல் பாதிப்புற்று ஜூன் 2ஆம் திகதி இறந்தார். ஆய்வாளர் முன்கூட்டியே பப்மெட்டிலும் பாடநூல்களிலும் தேடியிருந்தார். ஆனால் பப்மெட் அக்காலத்தில் 1966ஆம் ஆண்டு வரையே பின்னோக்கிச் சென்றது. அம்மருந்து உயர் இரத்த அழுத்தத்துக்குப் பரவலாக வழங்கப்பட்டது 1950களில். அதனைப் பெற்றோரில் நுரையீரற் பாதிப்புத் தோன்றியமை பற்றிய கட்டுரைகளும் அக்காலத்தனவே. அவை அச்சிட்ட சுட்டியின் பழைய தொகுதிகளில் இருந்தன. நூலகத் தட்டில் இருந்தன. கணினித் திரையில் இருக்கவில்லை. ஜூலை மாதத்தில் அப்பல்கலைக்கழகத்தின் மனிதர்மீதான ஆய்வுகளுட் பெரும்பாலானவற்றை மத்திய அரசு தற்காலிகமாக நிறுத்தியது.

அக்கட்டுரைகள் கிடைத்திருப்பின் மரணம் நிச்சயமாகத் தவிர்ந்திருக்கும் என்று நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆய்வின் அனுமதிமுறையிலும் குறைபாடுகள் இருந்தன. எனினும், ஒரு தரவுத்தளம் எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பதை முதலில் வினவுவது பயிற்சிபெற்ற நூலகரின் வழக்கம். இத்தளத்தில் இல்லை என்பதற்கும் உலகில் இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர் அவர். செல்வமும் நூல்களும் நிறைந்த உலகப் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தில் இந்நிகழ்வு நேர்ந்தது என்பதே இதன் முக்கியத்துவம். அங்கே குறைந்திருந்தது பணமன்று, நூலுமன்று. வினாவுக்கும் நூலுக்கும் இடையில் நிற்கவேண்டிய மனிதரின் உழைப்புக்குரிய மதிப்பே அங்கு குறைந்திருந்தது. பின்னர் பழைய குறிப்புகள் சேர்க்கப்பட்டு, தளத்தின் எல்லை 1940களின் நடுப்பகுதி வரை நீண்டது. 2011இல் அமெரிக்க மருத்துவக் கழகம், முறைசார் மீளாய்வு செய்வோர் நூலகருடன் இணைந்து தேட வேண்டும் எனத் தராதரம் வகுத்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் தேவையற்றவராகக் கருதப்பட்ட இடையாள், இவ்வாறு மீண்டும் அழைக்கப்பட்டார்.

3. பூட்டிய கதவு

மையத்தில் நிகழ்ந்ததைக் கண்டோம். விளிம்பிலுள்ள நாடொன்றில் நிகழ்ந்தது வேறு வகையானது. 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலாக் கொள்ளைநோய் பரவியபோது, அந்நோய் அப்பிராந்தியத்துக்கு முற்றிலும் புதியது எனப் பலரும் கருதினர். கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய மூன்று நாடுகளிலும் 11,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் வைத்தியரும் தாதியரும் கணிசமானோர். ஆனால், லைபீரிய மக்களின் குருதியில் எபோலாவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன என்றும், அந்நாட்டை எபோலா நிலவும் வலயத்துள் அடக்கவேண்டும் என்றும் ஐரோப்பியச் சஞ்சிகையொன்றில் 1982இலேயே எழுதப்பட்டிருந்தது. லைபீரியச் சுகாதார அமைச்சின் பிரதான மருத்துவ அதிகாரியாக அப்போதிருந்த பேர்னிஸ் டான் முதலியோர் 2015 ஏப்ரலில் நியூயோர்க் பத்திரிகையொன்றில் இதனை வெளிக்கொணர்ந்தனர். அக்கட்டுரைகளில் லைபீரியர் எவரும் இணையாசிரியராக இல்லை. அவற்றுள் ஒன்றை இணையத்திற் பெறுவதற்கான விலை 45 டொலர். அந்நாட்டு வைத்தியர் ஒருவரின் அரைவாரச் சம்பளத்துக்கு ஏறத்தாழச் சமன்.

இங்கு உறவின் வடிவத்தைக் கூர்ந்து நோக்குதல் அவசியமாகும். குருதி லைபீரியாவிலிருந்து பெறப்பட்டது. அது ஐரோப்பாவில் அறிவாக உருமாற்றப்பட்டது. அவ்வறிவு பண்டமாகி விலை குறிக்கப்பட்டு, குருதி கொடுத்தவர்களின் நாட்டுக்கு விற்பனைக்கு வந்தது. இறப்பரையும் இரும்புத் தாதுவையும் கொடுத்து முடிவுப்பொருளை வாங்கும் உறவின் அதே வடிவத்தை இங்கும் காண்கின்றோம். மூலப்பொருள் மாத்திரமே வேறு. அவ்வாய்வாளரைத் தனிப்பட்ட முறையிற் குறைகூறுவது எமது நோக்கமன்று. தாம் கண்டதை அவர்கள் நேர்மையாக எழுதினர். அவ்வெழுத்து சென்றடைய வேண்டியவரைச் சென்றடையும் வழி அமைக்கப்படவில்லை என்பதே பிரச்சினை. பப்மெட் இலவசமே. ஆயின் அது இலவசமாக வழங்குவது கட்டுரையின் பெயரையும் சுருக்கத்தையும். கட்டுரை பெரும்பாலும் பதிப்பகத்தின் பூட்டுக்குள் உள்ளது. கண்டறிதல் திறந்துவிடப்பட்டமை, பெறுதலின் தடையை நீக்கவில்லை. அத்தடையைக் கண்ணுக்குப் புலப்படுத்தியது எனலாம்.

அப்பூட்டின் பொருளாதாரம் விசித்திரமானது. மருத்துவ ஆய்வின் பெரும்பகுதிக்குப் பொதுப்பணம் செலவாகின்றது. ஆய்வாளர் கட்டுரைக்குக் கூலி பெறுவதில்லை. அதை மதிப்பிடும் சக ஆய்வாளரும் பெறுவதில்லை. உழைப்பு இலவசமாகக் கிடைக்க, விளைபொருளை அதே பல்கலைக்கழகங்களின் நூலகங்களுக்கே பதிப்பகங்கள் விற்கின்றன. ஒரு சஞ்சிகைக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கவியலாது. ஒவ்வொரு கட்டுரையும் தன்னளவில் ஏகபோகம். இலவச உழைப்பும் ஏகபோக விலையும் ஒருங்கிணையும் இத்தகைய தொழில் வேறெங்கும் அரிதே.

இப்பூட்டு தவிர்க்கவியலாத ஒன்றா? 2020இன் தொடக்கத்தில் கொவிட் தொற்று பரவியபோது, அது தொடர்பான கட்டுரைகளைப் பெரும் பதிப்பகங்கள் கட்டணமின்றித் திறந்துவிட்டன. பதிப்புத்தொழில் அதனால் வீழ்ந்துவிடவில்லை. கதவு திறக்கக்கூடியதே என்பதும், திறவாதிருப்பது ஒரு தீர்மானமே என்பதும் அப்போது நிரூபணமாயின. செல்வந்த நாடுகளின் தலைநகரங்களை நோய் தாக்கியபோது திறந்த கதவு, மலேரியாவுக்கும் பாம்புக்கடிக்கும் அவ்வாறு திறக்கவில்லை என்பதும் கருதத்தக்கது.

4. கூறப்படும் தீர்வுகள்

இந்நிலைக்கு மூன்று வகையான தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, கொடை. உலகச் சுகாதார நிறுவனமும் ஆறு பெரும் பதிப்பகங்களும் இணைந்து 2002இல் 'ஹினாரி' என்னும் திட்டத்தைத் தொடக்கின. வறிய நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அது வழங்குகின்றது. இதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்கவியலாது. வரட்டுத்தனமாக அதனை நிராகரிப்பது அதனைப் பயன்படுத்தும் வைத்தியருக்கும் மாணவருக்கும் இழைக்கும் அநீதியாகும். ஆயினும் கொடையின் இயல்பு, கொடுப்பவர் விரும்பும்போது நின்றுவிடுவது. 2011 ஜனவரியில் பங்களாதேஷில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சஞ்சிகைகளின் அணுகுரிமை இத்திட்டத்திலிருந்து விலக்கப்படுவதாக அங்குள்ளோருக்கு அறிவிக்கப்பட்டது. அங்கு சந்தா செலுத்தக்கூடிய வாடிக்கையாளர் தோன்றியிருந்தமையே காரணம். உலகெங்கும் கண்டனம் எழுந்தபின் முடிவு மாற்றப்பட்டது. பல கோடி வறியோரைக் கொண்ட இந்தியாவோ தொடக்கத்திலேயே இத்திட்டத்துள் சேர்க்கப்படவில்லை. கொடையின் எல்லையைச் சந்தையின் எல்லையே வரைந்துள்ளது.

இரண்டாவது தீர்வு, வாசகரிடமன்றி எழுதுபவரிடம் கட்டணம் அறவிடுதல். இதனால் வாசிப்பின் தடை நீங்குகின்றது. ஆனால் அத்தடை எழுதும் வாயிலுக்கு இடம்பெயர்கின்றது. 2020இல் 'நேச்சர்' சஞ்சிகை இவ்வகைக்கு அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. சில பதிப்பகங்கள் வறிய நாட்டினருக்குச் சலுகை அளிப்பினும், விண்ணப்பித்துப் பெறும் சலுகை உரிமையாகிவிடாது. முன்னர் எமது வைத்தியர் பிறர் எழுதியதை வாசிக்க இயலாதிருந்தனர். இனித் தாம் கண்டதை எழுத இயலாதிருப்பர்.

மூன்றாவது, சட்டத்தை மீறுதல். கசக்ஸ்தானைச் சேர்ந்த மாணவி ஒருவர் 2011இல் தொடங்கிய 'சை-ஹப்' தளம் கோடிக்கணக்கான கட்டுரைகளைப் பூட்டுடைத்து வழங்கிற்று. அதனை வறிய நாட்டவர் மட்டுமன்றிச் செல்வந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தினரும் பெருமளவிற் பயன்படுத்தினர். இதனை ஒழுக்கக்கேடு எனக் கண்டிப்பதும் புரட்சி எனக் கொண்டாடுவதும் ஒருங்கே மேலோட்டமானவை. அது ஒரு நோய்க்குறி. உற்பத்தியின் சமூகத்தன்மைக்கும் உடைமையின் தனியார் தன்மைக்கும் இடையிலான முரண்பாடு முற்றியிருப்பதை அது சுட்டுகின்றது, முரண்பாட்டைத் தீர்ப்பதில்லை. வழக்காலோ தடையாலோ ஒருநாள் முடங்கக்கூடிய தளத்தை நம்பி ஒரு நாட்டின் மருத்துவமனை இயங்க முடியாது.

உண்மையான மாற்று ஒன்றுக்கு இலத்தீன் அமெரிக்கா வழிகாட்டியுள்ளது. 1967இற் சாவோ பாவுலோ நகரில் நிறுவப்பட்ட பிராந்திய மருத்துவ நூலகம், அப்பிராந்தியச் சஞ்சிகைகளை ஸ்பானிய, போர்த்துக்கேய மொழிகளிலேயே சுட்டியாக்கி வந்துள்ளது. 1990களின் பிற்பகுதியிற் பிரேசிலில் தோன்றிய 'சைலோ', பொதுநிதியின் துணையுடன் முழுக் கட்டுரைகளையும் வாசகருக்குக் கட்டணமின்றி வழங்குகின்றது. சுட்டியும் பிரதியும் மொழியும் அங்கு ஒருங்கே பொதுவுடைமையாயின. எமது நாட்டிலும் 2008 முதல் இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத்தளம் இயங்கி வருகின்றது. 1887இல் தோன்றிய மருத்துவ சஞ்சிகை இன்றும் வெளிவருகின்றது. வித்து உண்டு; அதனை வளர்க்கும் கொள்கையே வேண்டும்.

5. மொழி என்னும் மூன்றாவது படி

கண்டறிந்து, பெற்றபின்னும் பயன்கொள்ளல் எஞ்சியுள்ளது. இங்கேதான் மருத்துவ நூலகம் பற்றிய வினா தமிழ் ஆய்வாளராகிய எம்மை நேரடியாக வந்தடைகின்றது. பில்லிங்ஸ் தமது சுட்டியைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அவரது நாட்டவரான இன்னொரு மருத்துவர் தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கிக்கொண்டிருந்தார். 1847இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயை மையமாகக்கொண்டு அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மாணவரை மேலை மருத்துவத்திற் பயிற்றினார். பிற்கூற்றில் தமிழிலேயே பயிற்றினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. 1873இல் தாயகம் மீண்டபின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை.

கிறீனை நாம் இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. மதமாற்றம் அவரது நோக்கங்களுள் ஒன்று. சுதேச வைத்திய மரபை அவர் நோக்கிய விதமும் காலனித்துவச் சூழலுக்கு அப்பாற்பட்டதன்று. அவரோடு உழைத்த தமிழ் மாணவரின் பங்கு இன்னும் போதியளவு ஆராயப்படவில்லை; இங்கும் மறைக்கப்பட்ட உழைப்பு உண்டு. ஆயினும் அறிவு அதனை வேண்டுவோரின் மொழியில் இருக்கவேண்டும் என்பதை அவர் செயலிற் காட்டினார். அம்முயற்சி தொடராது போனமைக்குக் காரணம் தமிழின் சொல்வளக் குறைவன்று. 1870இற் கொழும்பில் மருத்துவப் பாடசாலை நிறுவப்பட்டது. அரசின் அங்கீகாரமும் உத்தியோகமும் ஆங்கிலக் கல்வியைச் சார்ந்து நின்றன. நூல்கள் இருந்தன, அந்நூல்களைக் கற்றவருக்குத் தொழில் தரும் நிறுவனம் இருக்கவில்லை. மொழியின் வாழ்வை அகராதியைவிட நிறுவனமே தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

அதன் விளைவை இன்றும் காண்கின்றோம். மருத்துவபீடங்கள் ஆங்கிலத்திற் கற்பிக்கின்றன. நோயாளர் தமிழிலோ சிங்களத்திலோ தம் நோவைக் கூறுகின்றனர். வைத்தியர் இடைநின்று இரு மொழிகளையும் இணைக்கின்றார். அவர் தேடிப் பெறும் கட்டுரை அவரோடு நின்றுவிடுகின்றது. தாதியரையும் மருத்துவிச்சியரையும் குடும்பத்தினரையும் அது உரிய மொழியிற் சென்றடைவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பவை விளம்பரங்களும் கைப்பேசி வழி பரவும் வதந்திகளுமே. மேலை அறிவியலே எமக்கு அந்நியமானது என்றுரைத்து மரபின் பெயரால் எதையும் விற்பவர் வளர்வது இவ்வெற்றிடத்தில்தான். அறிவியலின் பயன் மக்களுக்குக் கிட்டாதிருப்பதற்கு விடை அறிவியலை நிராகரிப்பதன்று, அதனை மக்களுடைமையாக்குவதே.

முடிவாக, மருத்துவ நூலகத்தின் உசாத்துணைச் சேவையை ஒரு துணைவசதியாக அன்றி, சிகிச்சையின் ஓர் அங்கமாகவே நாம் கொள்ளவேண்டும். அதிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன. பொதுப்பணத்தால் விளைந்த ஆய்வு பொதுவாசிப்புக்கு உரியதாக வேண்டும் எனக் கோருவது ஒன்று. தரவுத்தளத்துக்குப் பணம் ஒதுக்கி நூலகர் பதவிகளை வெற்றிடமாக விடும் நிர்வாகப் போக்கை எதிர்ப்பது மற்றொன்று. ஹொப்கின்ஸ் நிகழ்வு தரும் பாடம் அதுவே. மூன்றாவது கடமை தமிழ்ச்சங்கங்களினுடையது. கிறீனின் நூல்கள் முதற்கொண்டு ஏட்டு வைத்திய நூல்கள், தமிழில் வெளிவந்த சுகாதார இதழ்கள், துண்டுப்பிரசுரங்கள் ஈறாகத் தமிழ் மருத்துவ எழுத்துக்கள் அனைத்தையும் பொருள்வாரியாகச் சுட்டும் நூல்விவரப் பட்டியல் ஒன்றை ஆக்குதல் வேண்டும். 2005 முதல் நூலகம் வலைத்தளம் தன்னார்வ உழைப்பால் ஈழத்து எழுத்துக்களை மின்வடிவிற் பேணிவருவது, இத்தகைய பணி எமது வலிமைக்கு அப்பாற்பட்டதன்று என்பதைக் காட்டுகின்றது.

அப்பட்டியலில் எச்சொல்லைத் தலைப்பாக இடுவது, எந்நோயை எக்கிளையில் வைப்பது என்பன பற்றி வைத்தியரும் நூலகரும் இலக்கிய மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து விவாதிக்க வேண்டியிருக்கும். அவ்விவாதத்தில் எமக்குரிய இடத்தை இதுவரை நாம் கோரவில்லை. இனியேனும் கோருவோமாக.